பார்வையாளரா? விருந்தினரா?

2021-ஆம் ஆண்டின் பிற்பகுதி. பெருந்தொற்றின் இரண்டாம் அலை தணிந்திருந்தாலும், மக்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடுவதற்கு இன்னும் அஞ்சிய காலம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் கருத்தரங்கை இணையவழி நடத்தும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்ணூறு பேர் பெயர் கொடுத்தனர். நான்கு உரைகள், ஒவ்வோர் உரைக்குப் பின்னும் பத்து நிமிடக் கேள்வி நேரம், இறுதியில் நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் வகுத்தோம். இரைச்சல் கூடாது என்பதற்காக, உள்ளே வருவோர் அனைவருடைய ஒலிவாங்கியையும் முன்கூட்டியே அணைத்து வைத்தோம். திரையின் மூலையில் தெரிந்த எண்ணிக்கை கடைசிவரை எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. கருத்தரங்கு இனிதே நிறைவுற்றது என்று அறிக்கையும் எழுதினோம்.

இரண்டு வாரங்கள் கழித்து, முப்பது ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கோவில் முற்றத்தில் நம்மைக் கண்டு தயங்கி நின்றார்.

"சாமி, ரெண்டாம் நாள் நானும் பேசினேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். முடிச்ச பிறகு யாரும் ஒண்ணும் சொல்லலை. நீங்களும் அடுத்த உரைக்குப் போயிட்டீங்க. தப்பா ஏதும் பேசிட்டேனோன்னு அன்னையிலேர்ந்து மனசு கேக்கலை" என்றார்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. பேத்தியின் கைப்பேசியில் கலந்துகொண்ட அவருக்கு, ஒலிவாங்கியைத் தாமே திறக்கவேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் அவர் மனம் திறந்து பேசியிருக்கிறார். எழுபது பேரில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. "அன்று என்ன சொன்னீர்கள், டீச்சர்?" என்று கேட்டோம். "அது அன்னைக்குச் சொல்ல வந்தது, சாமி. இப்ப வேண்டாம்" என்று புன்னகைத்து விடைபெற்றார்.

அந்தப் புன்னகை நம்மை வெகுநாள் உறுத்தியது. வருகைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆயினும் அவர் நம்மிடையே இருந்தாரா? அவருக்கு நாம் இருந்தோமா? இணையவழிக் கூட்டங்களை எப்படிக் கலகலப்பாக்கலாம், எப்படி அனைவரையும் பங்கேற்கச் செய்யலாம் என்று இன்று பலரும் வழிகள் தேடுகின்றனர். அதைத் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் கருதுவது போதாது என்பதே நம் எண்ணம். ஒலிவாங்கியின் பொத்தான் கருவியைச் சேர்ந்தது. பேசும் ஒருவரைக் காணத் தவறியது நம்மைச் சேர்ந்தது.

இரு சொற்கள்

நம் மொழியில் இரு சொற்கள் உள்ளன: பார்வையாளர், விருந்தினர். பார்வையாளர் தாம் காண வந்ததைக் கண்டால் போதும். அவரை எவரும் காணவேண்டியதில்லை. பாதியில் எழுந்து போனாலும் நிகழ்ச்சி நடக்கும். விருந்தினரோ எதிர்பார்க்கப்பட்டவர். அவர் வராவிடில் ஓர் இலை வெறுமையாய்க் கிடக்கும். வாசலில் ஒருவர் வழி பார்த்து நிற்பார். விருந்தினரின் உள்ளம் மலரைவிட மெல்லியது, வரவேற்போர் முகத்தில் தோன்றும் சிறு மாற்றமே அதை வாடச் செய்துவிடும் என்பது வள்ளுவர் நமக்கு உணர்த்திய உண்மை. முகமே காட்டாது விட்டால் என்னவாகும் என்பதை அந்த ஆசிரியையின் இரண்டு வார மனவருத்தம் நமக்குக் கற்பித்தது.

இணையவழி மாநாடுகள் பலவற்றின் குறை இதுதான்: விருந்தினராக அழைத்துவிட்டுப் பார்வையாளராக நடத்துகின்றன.

நூறாண்டுக்கு முந்தைய ஒரு கூட்டம்

கருவி இன்னும் செம்மைப்படவில்லை, செம்மைப்பட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். அமெரிக்காவில் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தொலைபேசித் தொடர்பு தொடங்கியது 1915-இல். அடுத்த ஆண்டே, 1916 மே 16-ஆம் நாள் இரவு, அமெரிக்க மின்பொறியாளர் கழகம் அந்தக் கம்பிகளின் வழியே ஒரு தேசியக் கூட்டம் நடத்தியது. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ உள்ளிட்ட எட்டு நகரங்களின் அரங்குகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். இருக்கைதோறும் காதில் வைத்துக் கேட்கும் தொலைபேசிக் குழல். தலைவர் ஜான் கார்ட்டி நியூயார்க்கில் அமர்ந்து கூட்டத்தைத் தொடங்கினார். நகரங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டன. ஒவ்வொரு நகரமும் தன் பங்காக ஓர் இசைத்தட்டை ஒலிக்கச் செய்து, மற்ற நகரங்களைக் கேட்கச் செய்தது.

அவர்களுக்குப் படம் இல்லை, குரல் மட்டுமே. ஆனால் அவர்கள் மூன்று செய்திகளை அறிந்திருந்தனர். தொலைவில் உள்ளவரைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். அவரும் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவந்து தர இடம் வேண்டும். எவரும் தனித்து அமராமல், தம் ஊர்க்காரர் சிலரோடு ஓர் அரங்கில் அமர்ந்து கேட்கவேண்டும். இன்று நம்மிடம் நிறம் மாறாத படமும் தெளிந்த ஒலியும் உள்ளன, இம்மூன்றையும் விட்டுவிட்டோம். கருவியின் வறுமையல்ல நம்மை வருத்துவது.

உடனிருப்பு என்பது யாது?

ஒருவரோடு உடனிருத்தல் என்றால் என்ன என்பது மெய்யியலார் நெடுநாள் ஆய்ந்த கேள்வி. பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் கபிரியேல் மார்செல் (1889-1973) இதனை நுட்பமாக விளக்கியுள்ளார். ஒரே அறையில் நம்மருகே அமர்ந்து, நாம் சொல்வதைக் கேட்டுப் பதிலும் சொல்லும் ஒருவர் நம்மோடு இல்லாதவராகவே இருக்கக்கூடும்; தொலைதூரத்தில் உள்ள அன்பர் அவரைவிட நெருங்கியவராய் இருக்கக்கூடும் என்கிறார் அவர். பிறருக்காகத் தம்மைத் திறந்து வைத்திருக்கும் மனநிலையையே அவர் உடனிருப்பின் உயிராகக் காண்கிறார். நோயாளியின் கட்டிலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் உறவினரை நாம் கண்டதில்லையா? கோவிலுக்குள் நின்றுகொண்டு சந்தைக் கணக்குப் போடும் நம்மையே நாம் அறியோமா?

இவ்வாறெனின், உடல் தொலைவில் இருப்பது ஒரு பொருட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பிழை. மனிதன் உடலற்ற ஆவியல்லன். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், காணொளிக் கூட்டங்கள் ஏன் களைப்பூட்டுகின்றன என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பலருடைய முகங்கள் மிக அருகிலிருந்து இடைவிடாது நம்மையே நோக்குவது ஒன்று. நம் முகத்தை நாமே ஓயாது கண்டுகொண்டிருப்பது இரண்டு. அசையாமல் ஓரிடத்தில் கட்டுண்டிருப்பது மூன்று. தலையசைப்பு, கண்ஜாடை போன்ற இயல்பான குறிப்புகளை அனுப்பவும் உணரவும் மிகுதியாய் முயலவேண்டியிருப்பது நான்கு. 2022-இல் 'நேச்சர்' இதழில் மெலனி பிரக்ஸ், ஜோனதன் லெவாவ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருவர் இருவராகப் பிரிந்து புதிய எண்ணங்களைத் தேடியவர்களில், நேரில் அமர்ந்தோரைவிடத் திரைவழி உரையாடியோர் குறைவான எண்ணங்களையே கண்டனர். அதற்கு அவர்கள் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது: திரையில் உள்ளவரையே நோக்கியிருக்கும் கண் அறையெங்கும் அலைவதில்லை; கண் குறுகும்போது எண்ணமும் குறுகுகிறது. ஆனால் கண்ட எண்ணங்களில் சிறந்ததைத் தெரிந்தெடுப்பதில் திரைவழி உரையாடியோர் எவ்வகையிலும் பின்தங்கவில்லை.

ஆகவே திரை சிலவற்றைத் தாங்கும், சிலவற்றைத் தாங்காது. இந்த அளவை அறியாமல், நேர்க்கூட்டத்துக்கு வகுத்த நிரலை அப்படியே திரைக்கு மாற்றி, காலை முதல் மாலைவரை மக்களை உட்காரவைப்பது அவர்கள் உடலையும் மதியாமை, உள்ளத்தையும் மதியாமை.

கதவு யாருக்குத் திறந்தது?

இத்தனை இடர்ப்பாடு எதற்கு, பெருந்தொற்று போய்விட்டது, பழையபடி நேரிலேயே கூடுவோம் என்பது சிலர் வாதம். கூடக்கூடியவர்கள் கூடட்டும், அதற்கு நிகர் வேறில்லை. ஆனால் கூடமுடியாதவர் யார் என்றும் கேட்கவேண்டும் அன்றோ?

செயற்கை அறிவுத் துறையின் பெரிய மாநாடுகளில் ஒன்றான ஐ.சி.எல்.ஆர். 2020 ஏப்ரல் இறுதியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கனடாவில் நடந்த இத்துறையின் மற்றொரு மாநாட்டுக்குச் செல்ல முயன்ற ஆப்பிரிக்க ஆய்வாளர் பலருக்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஆப்பிரிக்க மண்ணில் கூடப்போவது அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. பெருந்தொற்று குறுக்கிட, மாநாடு முற்றிலும் இணையவழிக்கு மாறியது. ஒவ்வோர் ஆய்வும் ஐந்து நிமிடக் காணொளியாக முன்பே பதிவு செய்யப்பட்டது; மாநாட்டு நேரம் கேள்விகளுக்கும் உரையாடலுக்கும் ஒதுக்கப்பட்டது. உலகின் ஒரு பகுதியில் பகலாயின் மற்றொரு பகுதியில் நள்ளிரவு என்பதால், ஆய்வாளர் தம் ஆய்வை இருவேறு நேரங்களில் விளக்கினர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மூன்றாண்டுகள் கழித்து, 2023-இல், ருவாண்டாவின் கிகாலியில் அம்மாநாடு ஆப்பிரிக்க மண்ணில் நேரில் கூடியது.

நுழைவிசைவு கிடைக்காதவர், பயணச் செலவுக்கு வழியற்றவர், கைக்குழந்தையை விட்டுவர இயலாத தாய், சக்கர நாற்காலியில் அமர்ந்தவர், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பேணுபவர் ஆகியோருக்கு இணையவழி என்பது இரண்டாந்தர வழியல்ல, ஒரே வழி. அவர்களை அழைத்துவிட்டு, அரங்கில் உள்ளோர் தமக்குள் சிரித்துப் பேசுவதைத் தொலைவிலிருந்து பார்க்கச் செய்வது, விருந்துக்கு வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து உள்ளே பந்தி நடத்துவதற்கு ஒப்பாகும்.

பந்தி விசாரிப்பவர்

நம் ஊர்த் திருமணங்களில் உணவு பரிமாறுவோர் பலர் இருப்பர். அவர்களுக்கு அப்பால், வெறுங்கையோடு வரிசை வரிசையாக நடந்து, "பாயசம் வந்ததா? பிள்ளைக்கு அப்பளம் போட்டார்களா? அக்கா, ஏன் சரியாகச் சாப்பிடவில்லை?" என்று கேட்டுவரும் ஒருவரும் இருப்பார். அவர் எதையும் பரிமாறுவதில்லை. ஆனால் அவர் இல்லாத பந்தியில் அறுசுவையும் இருந்தும் மனம் நிறையாது. இணையவழிக் கூட்டங்களில் பரிமாறுவோர் ஏராளம். பந்தி விசாரிப்பவர்தாம் இல்லை.

அவ்வாறு ஒருவர் இருப்பின் அவர் செய்யக்கூடியவை எளியவையே. கூட்டம் தொடங்கும் முன் கால் மணி நேரம் வாசலைத் திறந்து வைத்து, வருவோரைப் பெயர் சொல்லி வரவேற்கலாம்; ஒலியும் படமும் சரியாக உள்ளனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, இறுதிவரை அதே குழு தொடருமாறு செய்யலாம். நாளுக்கு நாள் முகங்கள் மாறினால் அறிமுகம் மட்டுமே நிகழும், நட்பு நிகழாது. உரைகளை முன்பே அனுப்பிவிட்டு, கூடும் நேரத்தை உரையாடலுக்கு வைத்துக்கொள்ளலாம். தனியே கேட்டுவிட இயலும் ஒன்றுக்காக நூறு பேரை ஒரே நேரத்தில் அழைப்பானேன்? எழுத்துப் பெட்டியில் கேள்வி போட்டவர் எவரும் மறுமொழியின்றித் திரும்பாதபடி ஒருவர் கண்ணாயிருக்கலாம்.

மாநாடுகளின் உயிர் பெரும்பாலும் தாழ்வாரத்திலும் தேநீர்க் குவளையைச் சுற்றியுமே துடிக்கும் என்பதை அனைவரும் அறிவர். 2020-இல் வெளிவந்த 'கேதர்' என்னும் செயலி இதைப் போலச் செய்ய முயன்றது. திரையில் ஒரு மண்டபத்தின் வரைபடம். அதில் நமக்கென ஒரு சிறு உருவம். மற்றோர் உருவத்தின் அருகே சென்றால் அவர் முகமும் குரலும் புலப்படும், விலகினால் மறையும். கருவி நல்லதே. ஆயினும் தனியே நிற்பவரை நோக்கி முதல் அடி எடுத்துவைக்கும் மனத்தை எந்தச் செயலியும் தராது.

திருச்சபை அண்மையில் கற்ற பாடம் ஒன்றும் இங்கே துணைக்கு வரும். 2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், அடுக்கு வரிசை இருக்கைகளை விடுத்து, ஆறாம் பவுல் அரங்கில் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்தது. ஆயர்களோடு பொதுநிலையினரும் துறவியரும் ஒரே மேசையில். ஒவ்வொருவரும் குறுக்கீடின்றிப் பேசுவர்; பின்பு மௌனம். இரண்டாம் சுற்றில் தம் கருத்தை மீண்டும் வலியுறுத்தாமல், மற்றவர் சொன்னதில் தம் உள்ளத்தைத் தொட்டது எது என்பதையே சொல்வர், மீண்டும் மௌனம். அதன் பின்னரே விவாதம். அதற்குமுன், 2022-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2023-இன் தொடக்கத்திலும், அமெரிக்கா, கனடா நாடுகளின் பேராளர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் பன்னிரண்டு கூட்டங்களாக முழுவதும் இணையவழியே கூடிக் கலந்துரையாடினர். பரந்த கண்டத்தில் அத்தனை பேரை ஓரிடத்துக்கு அழைப்பது எளிதன்று. திரைவழியேனும் ஒவ்வொருவர் குரலும் கேட்கப்படவேண்டும் என்பது நோக்கம். மற்றவர் சொன்னதில் என்னைத் தொட்டது எது என்று ஒரு சுற்றுப் பேசவேண்டும் என்ற ஒரே விதியை நாம் கடைப்பிடித்திருந்தால், அந்த ஆசிரியையின் மௌனப் படத்தை யாரேனும் ஒருவர் கவனித்திருப்பார்.

வற்புறுத்தலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கலகலப்பைக் கட்டளையிட்டு வரவழைக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. எல்லாரும் கேமராவைத் திறக்கவேண்டும், எல்லாரும் விளையாட்டில் சேரவேண்டும், பாடவேண்டும் என்பர். ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டில், பின்னால் துணி காய, குழந்தை அழ, முகம் காட்டத் தயங்கும் பெண்ணை "ஏன் மறைந்திருக்கிறீர்கள்?" என்று ஊரறியக் கேட்பது விருந்தோம்பலாகுமா? மௌனமாய் இருக்க விரும்புவோர்க்கும் பந்தியில் இடம் உண்டு. காணப்படவேண்டும் என்பது மனித உரிமை. காட்சிப்பொருளாக்கப்படக் கூடாது என்பதும் மனித உரிமை. இரண்டையும் காப்பது எப்படி? அவர் பேச விரும்பும்போது வழி திறந்திருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தால் போதும். எழுதியேனும் சொல்லலாம், சிறு குழுவிலேனும் சொல்லலாம், பின்பு தொலைபேசியிலேனும் சொல்லலாம்.

அழைத்தவருக்குக் கடமை உண்டெனில், வந்தவருக்கும் உண்டு. கூட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு, கறி நறுக்கி, மற்றொரு கைப்பேசியில் செய்தி படித்து, முடிவில் "ஒன்றும் பயனில்லை" என்று குறைகூறுவது முறையன்று. இலையில் அமர்ந்தபின் எழுந்தெழுந்து வெளியே போகும் விருந்தினரை நாம் மெச்சுவதில்லை. வசதி மிகுந்தால் ஈடுபாடு குறையும் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. செலவின்றி வந்தவர் கவனத்தையேனும் செலவிடவேண்டும். அதுவே அவர் கொண்டுவரும் சீர்.

இயன்றவரை, 1916-ஆம் ஆண்டின் பொறியாளர்களைப்போல் ஊர்தோறும் சிலராகக் கூடி அமர்ந்து பங்கேற்பதே சிறந்தது என்போம். பங்கு மன்றத்தில் ஒரே திரை. முன்னே பத்து நாற்காலிகள். இடைவேளையில் சுக்குக் காப்பி. திரைக்கு அப்பால் உள்ளவர் அறிவைத் தருவார். பக்கத்து நாற்காலிக்காரர் தோழமையைத் தருவார்.

மீண்டும் அந்த முற்றம்

2022-இல், மலையூர்களிலிருந்து இறங்கிவர இயலாத ஆசிரியர்களுக்காக மீண்டும் ஒரு கருத்தரங்கை இணையவழி நடத்தினோம். இம்முறை உரை இரண்டே. குழுவுக்கு ஆறு பேர். குழுவுக்கு ஒருவர் பந்தி விசாரிப்பவர். அப்பொறுப்புகளில் ஒன்றை ஏற்குமாறு அந்த ஆசிரியையையே வேண்டினோம். "எனக்கே போனைத் திறக்கத் தெரியலையே, சாமி" என்றார். "அதனால்தான் உங்களைக் கேட்கிறோம்" என்றோம். தொடங்கும்போது அவர் தம் குழுவினரிடம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "நான் பேசுறது கேக்குதா? நீங்க பேசுங்க, உங்க குரல் எனக்குக் கேக்கட்டும்" என்று சொன்னதை நாம் கேட்டோம். ஆறாவது பெயர் முடியும்வரை அவர் வேறெதையும் தொடங்கவில்லை.

முந்தைய ஆண்டு அவர் பேசிய அந்த ஐந்து நிமிடச் செய்தி என்னவென்று இன்றுவரை நமக்குத் தெரியாது. பின்னும் ஒருமுறை கேட்டோம், அவர் சொல்லவில்லை. அது நம் கணக்கில் தீராத கடனாகவே நிற்கிறது. எனவேதான் இப்போதெல்லாம் இத்தகைய கூட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வந்தனர் என்று பார்ப்பதற்கு முன், பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்து, இவர்களுள் யாருடைய குரல் நம் காதில் விழவில்லை என்று ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறோம். விழாதவர்களுக்கு அன்று மாலையே தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறோம். வாசக அன்பர்களே, நீங்களும் ஒருநாள் இத்தகைய கூட்டத்துக்குப் பிறரை அழைப்பீர்கள். அறிக்கை எழுதுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.